கடல் பக்கக் கோடு

மார்கழி 8, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடையிலும் ஓட்டுச் சாவடியிலும் கட்டைவிரல்தான். ஆகையால் இதைச் சொல்வது நான், சங்குமேடு தங்கப்பழம். எழுதுவது என் மருமகள் பேச்சியம்மாள். பத்தாவது பாஸ். உப்புப் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை. நான் வாயில் வந்தபடி சொல்வதை அவள் பள்ளிக்கூடத் தமிழில் போடுகிறாள். போடட்டும். கருத்து மாறக் கூடாது. முடிந்ததும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எதற்கு இந்த வேலை என்றால், டிவிக்காரர்கள் வருகிறார்கள். மார்கழி இருபத்து நான்கில் நம் மைதானத்தில் ஷூட்டிங். என்னைப் பேச வைக்கப் போகிறார்களாம். டிவிக்காரன் பேச்சை வெட்டி ஒட்டுவான். போன வெள்ளத்தில் டீக்கடை சுயம்பு மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலேன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டான். டிவியில் வந்தது, "எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலே" வரைக்கும்தான். நிவாரண லிஸ்டில் பெயர் சேர்க்க மூன்று மாதம் அலைந்தான். அதனால் நான் என்ன சொன்னேன் என்பது தேதியோடு இந்த நோட்டில் இருக்க வேண்டும்.

வருகிறவன் இஸ்ரவேல். நம் ஊர்ப் பையன். பையன் என்கிறேன், அவனுக்கு நாற்பத்தெட்டு இருக்கும். இங்கே கபடி ஆடி, ஒரு பெரிய கம்பெனி அணிக்குப் போய், இந்தியாவுக்கு ஆடி, முட்டி போனதும் நின்றுவிட்டான். நின்ற பிறகுதான் சம்பாதிக்க ஆரம்பித்தான். டிவியில் கபடி நடக்கும்போது கோட்டுப் போட்டுக்கொண்டு தமிழில் பேசுகிறான். "ஆடுன காலத்துல கிடைச்சது டீச்செலவு, பேசுத காலத்துல கிடைக்கது பங்களா" என்கிறான் சுயம்பு. ஒரு நாள் பேச்சுக்கு அவனுக்குக் கொடுப்பது நம் உப்பளச் சங்கத்து உப்பு ஒரு வருசம் விற்ற காசாம். சுயம்பு பாதி பொய் சொல்வான். பாதியை வைத்துப் பார்த்தாலும் அதிகம்தான்.

என் மகன் லிங்கத்துரையும் அவனோடு ஆடினவன். இப்போது உப்பளத்தில் இருக்கிறான். ஊரில் அவனை யாரும் லிங்கம் என்று கூப்பிடுவதில்லை. 'மிதிச்சான்' என்பார்கள். கோட்டை மிதித்தவன் என்று அர்த்தம். இருபத்தேழு வருசமாக அதுதான் பெயர்.

மார்கழி 9, புதன்

ஆட்டுக்குக் கழிச்சல். மாதுளைத் தோல் இடித்துக் கொடுத்தேன். நல்ல தண்ணீர் லாரி வரவில்லை. நான்கு குடம்தான் மிச்சம்.

மார்கழி 10, வியாழன்

கிறிஸ்துமஸ். கோவில் முடித்துவிட்டு இஸ்ரவேல் நேராக நம் வீட்டுக்கு வந்தான். கப்பல் மாதிரி ஒரு கார். கையில் கேக். பின்னால் இரண்டு பேர் பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுவரளவு டிவி.

"எதுக்குடே இது?" என்றேன்.

"பொங்கலுக்கு நம்ம நிகழ்ச்சி வருது பெரியப்பா. நீங்க உங்களையே பாக்கணும்லா."

"என்னைப் பாக்கதுக்கு வீட்டுல கண்ணாடி இருக்கு."

சிரித்தான். டிவியில் சிரிக்கிற அதே சிரிப்பு. பல்லெல்லாம் புதிதாக இருந்தது. லிங்கம் எங்கே என்று கேட்டான். லோடு ஏற்றப் போயிருக்கிறான் என்றாள் பேச்சி. அப்போது அவன் முகம் இறங்கியது. நான் கவனித்துக்கொண்டேன்.

காப்பி குடித்து முடித்ததும் என்னை ஆட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பெரியப்பா, ஷூட்டிங்ல டிவிக்காரங்க என்ன வேணாலும் கேப்பாங்க. ஃபைனலைப் பத்திச் சொல்லுங்க, என்னைப் பத்திச் சொல்லுங்க, திட்டக்கூடச் செய்ங்க. கோட்டைப் பத்தி மட்டும் எதுவும் பேசாண்டாம்."

"ஏன்?"

"பேசாண்டாம். அவ்வளவுதான்."

கோட்டைப் பற்றிப் பேசாதே என்று கோடு போட்டவனிடமே வந்து சொல்கிறான். முதலில் டிவி, பிறகு கேக், அதற்கும் பிறகு இது. கொட்டகையிலிருந்து திரும்பும்போது என் தோளில் கை போட்டான். கையை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் பாரம் தெரிந்தது.

டிவிப் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மார்கழி 12, சனி

இன்றைக்கு அந்த ஃபைனலைச் சொல்கிறேன். பேச்சி, நிதானமாக எழுது.

இருபத்தேழு வருசத்துக்கு முன் தை மாதம், பொங்கல் முடிந்து நான்காம் நாள், ஞாயிறு. நம் 'செவன் ஸ்டார்' அணிக்கும் பக்கத்து ஊர் அணிக்கும். களத்தில் தண்ணீர் தெளித்து, மண்ணைக் கெட்டிப்படுத்துகிறதும், சுண்ணாம்புத் தூளில் கோடு போடுகிறதும் என் வேலை. பதிமூன்று மீட்டருக்குப் பத்து மீட்டர். எனக்கு மீட்டர் தெரியாது. ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். சென்னையிலிருந்து வந்த நடுவர் டேப்பு பிடித்துப் பார்த்து, ஒரு விரல்கடை பிசகவில்லை என்று சொல்லியிருக்கிறார். நீளவாட்டில் இரண்டு ஓரக்கோடு. ஒன்று கடல் பக்கம், ஒன்று ரோட்டுப் பக்கம். எதிரணிப் பக்கம் ஏறிப் போகிறவன் ஓரக்கோட்டை மிதித்தால் அவுட்.

மிதித்தானா இல்லையா என்று தகராறு வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். காலைத் தூக்கி உள்ளங்காலை நடுவருக்குக் காட்ட வேண்டும். வியர்த்த காலில் சுண்ணாம்பு அப்பிவிடும். வெள்ளை இருந்தால் அவுட், இல்லாவிட்டால் இல்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. மிதித்தது தனக்கே தெரிந்தால், யாரும் கேட்கும் முன்னால் கையைத் தூக்கிவிடுவான் நல்ல ஆட்டக்காரன்.

அன்று அந்தக் கம்பெனி அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு இடம். நிரந்தர வேலை. லிங்கமா இஸ்ரவேலா என்பதுதான் ஊர்ப் பேச்சு. கடைசி ஐந்து நிமிசம், இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. லிங்கம் ஏறினான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, ரோட்டுப் பக்கக் கோட்டை ஒட்டித் திரும்பினான். எதிரணி 'மிதிச்சான், மிதிச்சான்' என்று கத்தினார்கள். நடுவர் வருவதற்குள் லிங்கம் கையைத் தூக்கிவிட்டான். காலையும் காட்டினான். கட்டைவிரலுக்குக் கீழே நாலணா அகலம் வெள்ளை. அவுட்.

கடைசி ஏற்றம் இஸ்ரவேல். ஒரு பாயிண்டு பின்னால் இருக்கிறோம். இரண்டு பேரைத் தொட்டான். கடல் பக்கமாகத் திரும்பினான். மறுபடியும் அதே கத்தல். இஸ்ரவேல் கையைத் தூக்கவில்லை. காலைத் தூக்கினான். உள்ளங்கால் சுத்தம். ஜெயித்தோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். அடுத்த மாதம் வேலைக் கடிதம் வந்தது.

ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் இடிக்கிறது. பிற்பாதியில் லிங்கம் எப்போதும் கடல் பக்கம் ஏறுகிறவன். இஸ்ரவேல்தான் ரோட்டுப் பக்கம். அன்று மட்டும் இடம் மாறியிருந்தார்கள். இஸ்ரவேல் கேப்டன். அவன்தான் என்னவோ சொல்லி மாற்றியிருப்பான்.

"சுண்ணாம்பு எத்தனை மூடை போட்டிய மாமா?" என்று கேட்கிறாள் பேச்சி.

இரண்டு மூடை. எப்போதும் இரண்டு மூடைதான்.

மார்கழி 15, செவ்வாய்

முட்டிக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போனேன். பைபாஸ் ரோட்டில் இஸ்ரவேலின் விளம்பரத் தட்டி, மூன்று மாடி உயரம். செருப்புக் கம்பெனி. ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு சிரிக்கிறான். அந்த ஃபைனலில் காட்டின மாதிரியே. கீழே என்னவோ எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற கண்டக்டர் வாசித்துச் சொன்னார்: "என் காலடி சுத்தம்."

எனக்கு எழுத்துதான் தெரியாது. கால் தெரியும். அந்த உள்ளங்காலில், குதிகாலுக்கு மேலே, ஒரு தழும்பு. கோழிக்கால் மாதிரி மூன்று கீற்று. அது உடைமுள் ஏறின இடம். ஃபைனலுக்கு நான்கு நாள் முன்னால் ஏறினது. நான்தான் ஊக்கால் எடுத்து, மஞ்சள் சுட்டு வைத்தேன். ஆடுகிற அன்றைக்கும் அது ஆறவில்லை. வாய் திறந்து சிவப்பாகத்தான் இருந்தது.

பஸ் இரண்டு போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன்.

அப்படியானால் அவனுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் காலைத் தூக்கினான். தெரிந்துகொண்டேதான் டிவியும் கேக்கும்.

"என்னது தெரியும் மாமா?" என்கிறாள் பேச்சி.

இன்றைக்கு இது போதும். மூடு நோட்டை.

மார்கழி 16, புதன்

சொல்ல ஒன்றுமில்லை.

மார்கழி 19, சனி

டிவியிலிருந்து நிவேதிதா என்று ஒரு பெண் வந்தாள். ஷூட்டிங்குக்கு எல்லாம் அவள்தான் பொறுப்பாம். மரியாதையான பிள்ளைதான். ஆனால் நான் பேசும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

"ஐயா, நீங்க நேச்சுரலா இருங்க. நான் சொல்றதை மட்டும் சொல்லுங்க," என்றாள்.

இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்டேன். அதற்கும் தலையை ஆட்டினாள்.

அவள் கேட்டது இவ்வளவு: நான் பழைய மாதிரி கோடு போட வேண்டும். இஸ்ரவேல் ஊர்ப் பையன்களோடு அந்தக் கடைசி ஏற்றத்தை ஆடிக் காட்டுவான். காலைத் தூக்கிக் காட்டுவான். நான் கேமராவைப் பார்த்து, "இஸ்ரவேல் கால் கோட்டுல படவே இல்ல, நான் சாட்சி" என்று சொல்ல வேண்டும். பிறகு லிங்கம் வந்து அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்.

"தோத்தவரும் ஜெயிச்சவரும் ஒரே ஃப்ரேம்ல. ஜனங்க அழுதுருவாங்க ஐயா."

லிங்கம் அப்போதுதான் அளத்திலிருந்து வந்து முற்றத்தில் நின்றிருந்தான். "நான் வரலம்மா," என்றான்.

"ஏன் சார்? உங்களுக்கு அவர் மேல கோபமா?"

"கோவமெல்லாம் இல்ல. எனக்கு லோடு இருக்கு."

சாயந்தரம் சுயம்பு கடையில் இதே பேச்சு. "என்ன அண்ணாச்சி, மிதிச்சான் டிவியில மிதிக்கப் போறானாமே," என்றான் சுயம்பு. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லிங்கமும் அங்கேதான் நின்றான். டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். என்றைக்கும் அவன் ஒரு பதில் சொன்னதில்லை. ஏன் சொல்வதில்லை என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம் உண்டு. என் மேல் என்னவோ வைத்திருக்கிறான்.

மார்கழி 21, திங்கள்

நான் சாட்சி என்று சொல்ல வேண்டுமாம்.

பேச்சி இன்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள், "மாமா, ரெண்டு மூடைன்னு சொன்னியள்லா. ஒரு மூடை எங்க வீட்டு ஆள்க வீடு பாக்க வந்தன்னைக்குச் சுவத்துலதான இருந்துச்சு?"

நான் ஆட்டைப் பார்த்தேன்.

"எங்க அப்பா சாஞ்சு உக்காந்துட்டு வந்தாரு. சட்டை முதுகு பூரா வெள்ளை. எங்க அம்மை துவைக்கும்போது சொன்னா, 'மாப்பிள்ளை வீடு இப்பதான் வெள்ளையடிச்சிருக்கு, நல்லாத்தான் இருப்பாக போல'ன்னு. அன்னைக்கு வெள்ளி, அது கழிச்சு ஞாயித்துக்கிழமைதான் உங்க ஃபைனலு. எனக்கு நாள் ஞாபகம் இருக்கு மாமா."

என் ஞாபகம்தான் ஊரில் பெரிது என்று நினைத்திருந்தேன். சரி, எழுது தாயி.

பெண் வீட்டார் வருகிறார்கள். சுவர் கரி பிடித்துக் கிடந்தது. அணிக்கு வந்த இரண்டு மூடையில் ஒரு மூடையைக் கரைத்து அடித்துவிட்டேன். ஒரு மூடையில் நீட்டி இழுத்துப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஞாயிறு விடியக் கோடு போட்டால், கடல் பக்கக் கோட்டில் பாதிக்கு வரும்போது தூள் தீர்ந்துவிட்டது. பொங்கல் லீவு, கடை எதுவும் இல்லை. களத்துக்குப் பின்னால் உப்புக் குவியல். ஒரு பெட்டி அள்ளி, களத்தோரம் கிடந்த அம்மியில் நுணுக்கி, மிச்சக் கோட்டை அதில் போட்டேன். பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். உப்பூரில் இருக்கிறவனுக்குத்தான் இந்த யோசனை வரும்.

உப்பு காலில் அப்பாது. வியர்வையில் கரைந்துவிடும். உள்ளங்காலைத் தூக்கினால் சுத்தமாக இருக்கும்.

ஆனால் திறந்த புண்ணில் உப்புப் பட்டால் எரியும். இஸ்ரவேலுக்கு எரிந்திருக்கும்.

இரண்டு பேரும் மிதித்தார்கள். ஒருவன் சுண்ணாம்பை மிதித்தான், ஒருவன் உப்பை மிதித்தான். இதை நான் அன்றே சொல்லியிருந்தால் ஆட்டம் ரத்து. மறு ஆட்டம் வைத்திருப்பார்கள். அந்த ஒரு இடம் யாருக்குப் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? சொல்லவில்லை. இவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றுமில்லை.

பேச்சி எழுதி முடித்து, வாசித்துக் காட்டினாள். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. "சுவரு நல்லாத்தான் இருந்துச்சு மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

மார்கழி 23, புதன்

நல்ல தண்ணீர் லாரி வந்தது. பத்துக் குடம் பிடித்தோம். நாளைக்கு ஷூட்டிங்.

மார்கழி 24, வியாழன்

மத்தியானம் மூன்று மணிக்குக் களத்தில் ஊரே நின்றது. நான்கு கேமரா, ஒரு கிரேன். சுண்ணாம்புத் தூள் மூன்று மூடை இறக்கியிருந்தார்கள். குறைச்சலே இல்லை. நான் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். முடிச்சுகள் அப்படியே இருந்தன. முட்டி மட்டும் வலித்தது.

ரோட்டுப் பக்கக் கோட்டைச் சுண்ணாம்பில் போட்டேன். நடுக்கோடு போட்டேன். கடல் பக்கத்தில் பாதி வரைக்கும் போட்டேன். அங்கே சட்டியைக் கீழே வைத்துவிட்டு, காலையிலேயே கொண்டு வந்து மூடி வைத்திருந்த ஓலைப்பெட்டியைத் திறந்தேன்.

"ஐயா, அது என்ன?" என்றாள் நிவேதிதா.

"கோடு," என்றேன்.

கேமராக்காரன் குனிந்து என் கையைப் படம் பிடித்தான். அழகாக இருக்கிறது என்றான்.

இஸ்ரவேல் பனியன் போட்டு, வெறுங்காலோடு வந்தான். தொந்தியை இழுத்துப் பிடித்திருந்தான். பையன்கள் மேலே விழாமல் விழுந்தார்கள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, கடல் பக்கமாகத் திரும்பினான். டிவிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி கோட்டுக்கு உள்ளேதான் கால் வைத்திருக்க வேண்டும். உடம்பு கனம், கால் சறுக்கிக் கோட்டின் மேல் பட்டது. அப்படியே நின்றுவிட்டான்.

"காலைத் தூக்குங்க சார், காலை," என்றாள் நிவேதிதா.

தூக்கினான். சுத்தமாக இருந்தது. கூட்டம் கை தட்டியது. மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்கள்.

"மிதிச்ச," என்றேன்.

கை தட்டல் நின்றது. இஸ்ரவேல் குனிந்தான். கோட்டில் ஒரு விரலை வைத்து நாக்கில் வைத்தான். என்னைப் பார்த்தான். பிறகு வலது கையைத் தூக்கினான். முழுக்கத் தூக்கினான், தோளுக்கு மேலே. ஆட்டக்காரன் தூக்குகிற மாதிரி.

நிவேதிதா கட் என்று சொன்னாள். அவன் கையை இறக்கவில்லை.

"அன்னைக்கே எரிஞ்சிச்சு பெரியப்பா," என்றான். மைக் இருக்கிறது என்கிற நினைப்பே இல்லை. "எதுல மிதிச்சிருக்கேன்னு அன்னைக்கே தெரியும். தூக்க வேண்டிய கைதான். நாக்காலியில ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க. தூக்கல."

"பின்ன எதுக்குக் கோட்டைப் பத்திப் பேசாதன்னு வந்து நின்ன? உன் பேரு கெட்டுருமேன்னா?"

"பாதி அதுக்குத்தான். இல்லேன்னு சொல்லல. பாதி உங்களுக்காக. கடல் பக்கம் லிங்கம் ஏறுத பக்கம். எந்தப் பக்கம் உப்புப் போடணும்னு கோடு போடுதவருக்குத் தெரியாதா? நான் வாயத் தொறந்தா ஊரு அதைத்தான் முதல்ல கேக்கும்."

ஊர் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தது.

இந்த இடத்தில் பேச்சியின் பேனா நின்றுவிட்டது. எழுது தாயி. மூன்று நாள் முன்னால் வேறு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அது பொய். சுண்ணாம்பு குறையும் என்பது முதலிலேயே தெரியும். ரோட்டுப் பக்கத்தை முதலில் முழுக்கப் போட்டேன். கடல் பக்கத்தைக் கடைசிக்கு வைத்தேன். என் மகன் ஓரத்தை ஒட்டி ஆடுகிறவன், எப்படியும் ஒரு தடவை கோட்டில் பட்டுவிடுவான், காலைக் காட்டச் சொன்னால் சுத்தமாக இருக்கட்டும் என்று வைத்தேன். அவன் பக்கம் மாறுவான் என்று எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருசமாக அவனை மிதிச்சான் என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு நானும் அதே கடையில் டீ குடித்தேன்.

தை 2, வெள்ளி

மாட்டுப் பொங்கல். டிவிப் பெட்டியைப் பிரித்தோம். தெருவே வந்து உட்கார்ந்தது.

நான் சொன்னது சரியாகப் போயிற்று. வெட்டிவிட்டார்கள். நான் கோடு போடுவது வந்தது, பின்னால் வயலின். இஸ்ரவேல் காலைத் தூக்கினது வந்தது. கை தட்டல் வந்தது. அப்புறம் செருப்பு விளம்பரம்.

விளம்பரம் ஓடும்போதே இஸ்ரவேல் பேச்சிக்குப் போன் செய்தான். வெட்டக் கூடாது என்று சண்டை போட்டானாம். செருப்புக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லையாம். அடுத்த வருசம் அவனை வைத்துக்கொள்வார்களா என்பதே சந்தேகமாம். எவ்வளவு தூரம் உண்மையோ. ஆனால் குரல் டிவிக் குரல் இல்லை.

வெட்டினது வெட்டினதுதான். ஆனால் ஊர் நேரில் பார்த்துவிட்டதே. சாயந்தரம் சுயம்பு கடையில் ஒருவன் பழக்கத்தில் "மிதிச்சான் எங்க?" என்றான். சுயம்பு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான், "எந்த மிதிச்சான்? லிங்கம்னு சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பி, "உப்புக்கோட்டு அண்ணாச்சிக்குச் சீனி போடவா, உப்புப் போடவா?" என்றான். பெஞ்சே சிரித்தது.

சீனி என்றேன். நானும் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

தை 4, ஞாயிறு

லிங்கம் இந்தப் பத்து நாளாக என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. களத்துக்கும் வரவில்லை, டிவியும் பார்க்கவில்லை. தை பிறந்ததும் உப்புப் பாத்தி தயார் செய்கிற வேலை. விடியப் போய், பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, பத்து மணிக்கு வருகிறான்.

இன்று வந்ததும் இந்த நோட்டைக் கையில் எடுத்தான். பேச்சி பிடுங்கப் போனாள். விடு என்றேன். முற்றத்தில் உட்கார்ந்து முழுவதும் வாசித்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தேன்.

"யப்பா," என்றான். "இதுல ஒண்ணு தப்பா இருக்கு."

"என்னது?"

"இஸ்ரவேல் என்னைப் பக்கம் மாத்தினான்னு போட்டிருக்கிய. அவன் மாத்தல. நான்தான் கேட்டு வாங்கினேன்."

"ஏன்?"

"அன்னைக்கு விடியக் களத்துக்கு ஓட வந்தேன். நீங்க அம்மியக் கழுவிக்கிட்டு இருந்திய. பெட்டியில உப்பு இருந்துச்சு. கோட்டைத் தொட்டுப் பாத்தேன்." நோட்டை மூடினான். "உப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுல ஏறச் சொல்லுதியளா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வந்துச்சா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

"சொல்லியிருக்கலாமே. இத்தனை வருசம் அந்தப் பேரைக் கேட்டுக்கிட்டு..."

"சொன்னா உங்களைச் சொல்லணும்லா. அப்புறம், நான் மிதிச்சது மிதிச்சதுதானே."

அதோடு பழைய சாதம் கேட்டான். சாப்பிட்டான். முற்றத்து வேப்ப நிழலில் துண்டை விரித்துப் படுத்தான். படுத்ததும் தூங்குகிறவன் அவன், சின்ன வயதிலிருந்தே.

நான் இஸ்ரவேலைச் சந்தேகப்பட்டேன். டிவிக்காரர்களைச் சந்தேகப்பட்டேன். எழுதுகிறவள் முகத்தைச் சந்தேகப்பட்டேன். இவனையும் சந்தேகப்பட்டேன், நோட்டிலேயே இருக்கிறது, மார்கழி பத்தொன்பது. அந்த வரியை அடித்துவிடவா என்கிறாள் பேச்சி. வேண்டாம், இருக்கட்டும்.

தூங்குகிறவனின் கால் என் பக்கம் நீட்டியிருந்தது. உள்ளங்காலைப் பார்த்தேன். இரண்டும் வெடித்து, குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் உப்புக் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

நல்ல தண்ணீரில் இரண்டு குடம் மிச்சம் இருந்தது. ஒன்றை வாளியில் ஊற்றி அவன் காலடியில் வைத்திருக்கிறேன். எழுந்ததும் கழுவிக்கொள்ளட்டும்.